திருவிழாக் கணக்கு நோட்டிலிருந்து கலை நிர்வாக முதுகலைக்கு

விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டி, மல்லாங்கிணறு, திருச்சுழி, அருப்புக்கோட்டை பக்கம் இளங்கலை முடித்த பிள்ளைகளில் சிலருக்கு ஆடவோ பாடவோ வராது. ஆனாலும் பிழைப்பு கலையோடுதான் இருக்க வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொள்ளும். இந்த அத்தியாயம் அவர்களுக்கானது. பி.காம். படித்தவரா, தமிழ் இலக்கியம் படித்தவரா என்பது இதில் பெரிய விஷயமில்லை. கலை நிர்வாகத் துறையின் பெரும்பாலான முதுகலைப் படிப்புகள் எந்தப் பட்டதாரியையும் சேர்த்துக்கொள்கின்றன. நீங்கள் என்ன வேலை செய்து பார்த்திருக்கிறீர்கள், அதைப் பற்றி என்ன யோசித்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

ஒரு கலைஞர் மேடை ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் நடக்கிற அத்தனையும் கலை நிர்வாகம். பணம் திரட்டுவது, இடம் பிடிப்பது, அனுமதி வாங்குவது, சம்பளம் பேசுவது, ஆட்களை வரவழைப்பது, கணக்கு ஒப்படைப்பது, நடந்ததை ஆவணமாக்கி வைப்பது எல்லாம் இதில் அடங்கும். நாடகக் குழு, சபா, அருங்காட்சியகம், ஓவியக் கூடம், அரசு விழா என்று இடம் மாறலாம்; வேலை ஒன்றுதான்.

ஊரில் இருக்கிற பாடம்

பங்குனி, சித்திரையில் நம் ஊர்களில் கோவில் பொங்கல் சாட்டியதும் என்ன நடக்கிறது? ஊர்க்கூட்டம் போட்டுத் தலைக்கட்டு வரி முடிவாகிறது. மண்டகப்படிக்காரர்கள் யார் யாருக்கு எந்த நாள் என்று பேசிக்கொள்கிறார்கள். சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் போகிறது. கடைசி நாள் ராத்திரிக்கு வள்ளி திருமணமோ கரகாட்டமோ பேசி முன்பணம் கொடுக்கிறார்கள். நன்கொடை, உறுப்பினர் கட்டணம், நிகழ்ச்சிக்குப் புரவலர் என்று வெளிநாட்டுப் பாடப்புத்தகங்கள் அத்தியாயம் அத்தியாயமாக விளக்குவதை, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பொருளாளர் ஒருவர் இங்கே நாற்பது பக்க நோட்டில் முடித்துவிடுகிறார்.

அந்த நோட்டை முதலில் படியுங்கள். சொந்த ஊர் என்றால் கேட்டு வாங்க முடியும். வரவுப் பக்கத்தில் வரி, மண்டகப்படி, வெளியூர் நன்கொடை, மாலையும் எலுமிச்சம்பழமும் ஏலம் போன தொகை, போன வருஷ இருப்பு எல்லாம் வரும். செலவுப் பக்கத்தில் பந்தல், ரேடியோ செட், சீரியல் லைட், மேளம், நாடகம், நோட்டீஸ், வாணவேடிக்கை, சாப்பாடு. ஒவ்வொன்றும் மொத்தத்தில் நூற்றுக்கு எத்தனை என்று போட்டுப் பாருங்கள். ஒலிபெருக்கிக்கும் வெடிக்கும் போனது எவ்வளவு, ராத்திரி முழுக்க நின்று பாடியவருக்குப் போனது எவ்வளவு என்று அப்போது தெரியும். முடிந்தால் மூன்று வருஷத்துக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்தச் செலவு ஏறுகிறது, எது அப்படியே நிற்கிறது என்பதில்தான் கதை இருக்கிறது.

அடுத்து கலைஞர்களிடம் போங்கள். மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பே வித்தியாசமானது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசுகிறார்கள். நிரந்தரக் கம்பெனி கிடையாது. ஒத்திகை இல்லாமல் ராத்திரி பத்து மணிக்கு மேடையில் சந்தித்து, விடிந்ததும் வேறு வேறு பஸ் ஏறிப் பிரிந்துவிடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அமைத்துக் கொடுத்த கதையும் பாட்டும் எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும் என்பதால்தான் இது நடக்கிறது. சிவகாசியில் 1886-இல் பிறந்த தியாகி விஸ்வநாததாஸ், முருகன் வேடத்தில் நின்று விடுதலைப் பாட்டுப் பாடிச் சிறை சென்றது இந்த மரபில்தான்.

அவர்களிடம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். முன்பணம் எவ்வளவு? விடிகாலையில் பாக்கி முழுசாகக் கைக்கு வந்ததா, கூட்டம் குறைவு என்று பிடித்துக்கொண்டார்களா? போக்குவரத்துச் செலவு யாருடையது? ஸ்திரீபார்ட் போடும் பெண்ணுக்கு உடை மாற்ற எங்கே இடம் கொடுத்தார்கள், கழிப்பறை இருந்ததா? சாப்பாடு எங்கே, யாரோடு போட்டார்கள்? ஆவணியிலிருந்து தை வரை வேலை குறைவான மாதங்களில் எப்படி ஓட்டுகிறார்கள்? சாதி இந்தக் கேள்விகள் அத்தனைக்குள்ளும் இருக்கிறது. நம் மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன், கரிசல் மண்ணின் நாகசுரக் கலைஞர்களை வைத்து எழுதிய ‘சஞ்சாரம்’ நாவலுக்கு 2018-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இந்தப் படிப்புக்குப் போகிற யாரும் முதலில் படிக்க வேண்டிய புத்தகம் அதுதான் என்பேன். வாசிப்பவரின் பக்கம் நின்று ஒரு திருவிழாவைப் பார்க்க அது கற்றுக்கொடுக்கும். அப்படிப் பார்க்கத் தெரியாதவர் கலை நிர்வாகத்துக்கு வந்தால் நல்ல கான்ட்ராக்டராக மட்டுமே முடிவார்.

சட்டமும் இங்கேயே தொடங்குகிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கூடாது. விடிய விடிய நடப்பதற்கென்றே கட்டப்பட்ட ஒரு கலைவடிவத்துக்கு இந்த நேரக்கணக்கு என்ன செய்கிறது என்பது முதுகலை ஆய்வேட்டுக்குத் தாங்கும் கேள்வி. காவல் நிலையத்துக்கு மனு எடுத்துக்கொண்டு அலைந்த விழாக்குழுவினரிடம் அதற்கான தகவல் இருக்கிறது.

அச்சகமும் நையாண்டி மேளமும்

கலை நிர்வாக வகுப்புகளில் தவறாமல் வருகிற ஒரு பொருளாதாரக் கருத்தை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1966-இல் நிகழ்த்துகலைகளின் வரவு செலவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். சாரம் இதுதான்: தொழிற்சாலையில் இயந்திரம் வரவர ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் செய்யும் பொருளின் அளவு கூடிக்கொண்டே போகும். கூலியை உயர்த்தினாலும் முதலாளிக்குக் கட்டுப்படியாகும். நான்கு பேர் வாசிக்க வேண்டிய இசைக்கோவைக்கோ இருநூறு வருஷம் கழித்தும் அதே நான்கு பேர், அதே நேரம் வேண்டும். வெளியே கூலியும் விலைவாசியும் ஏற, கலையின் செலவும் ஏறித்தான் ஆகும். டிக்கெட் வருமானம் மட்டும் அந்த இடைவெளியை நிரப்பாது.

இதை விளக்க வியன்னாவுக்கும் நியூயார்க்குக்கும் போக வேண்டாம். சிவகாசியைப் பாருங்கள். கல்லச்சிலிருந்து ஆஃப்செட்டுக்கு மாறி, ஒரே ஓட்டத்தில் பல வண்ணம் அடிக்கிற இயந்திரம் வரை அச்சகங்கள் வந்துவிட்டன. ஒரு காலண்டருக்கு ஆகும் ஆள் உழைப்பு சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த அச்சகத்தில் நோட்டீஸ் அடித்துக்கொண்டு போகிற கரகாட்டக் குழுவின் நையாண்டி மேளத்திலோ இன்றைக்கும் நாகசுரம், தவில், பம்பை, தாளம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் நின்றாக வேண்டும். தவிலை எடுத்துவிட்டு மிச்சம் பிடிக்க முடியாது. மிச்சம் பிடிக்கத்தான் வேண்டும் என்று விழாக்குழு நினைக்கும்போது மேளத்துக்குப் பதில் பென்டிரைவ் வருகிறது. இல்லாவிட்டால் கலைஞரின் கூலி அப்படியே நிற்கிறது. மூன்று வருஷத்துக் கணக்கு நோட்டை ஒப்பிடச் சொன்னது இதற்காகத்தான். நேர்முகத் தேர்வில் பாமலின் பெயரை எல்லோரும் சொல்வார்கள். பத்து கிலோமீட்டர் சுற்றளவில் நீங்களே திரட்டிய கணக்கோடு சொல்கிறவர் அபூர்வம்.

சிவகாசி இன்னொரு விதத்திலும் உங்கள் சொத்து. நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிப் பழகி, கோவில்பட்டியில் தங்கிச் சாமிப் படங்கள் வரைந்த கொண்டையராஜுவின் (1898–1976) ஓவியங்கள் சிவகாசிக் காலண்டர்களில் அச்சாகி இந்தியா முழுக்க வீட்டுச் சுவர்களுக்குப் போயின. கஜ்ரி ஜெயின் 2007-இல் வெளியிட்ட ஆங்கில நூல் இந்தக் காலண்டர் கலையின் சந்தையைத்தான் ஆராய்கிறது. ஆடிப்பெருக்கன்று புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடும் ஊரைப் பற்றி உலகப் பல்கலைக்கழகங்கள் படிக்கின்றன என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. சித்தப்பா அச்சகத்தில் வேலை பார்க்கிறார் என்றால் அதை மறைக்காதீர்கள். அங்கே ஒரு ஓவியத்துக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள், மறு அச்சுக்கு ஓவியருக்கு ஏதாவது கிடைக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கே படிப்பது

கலை நிர்வாகம் என்ற பெயரிலேயே முழு முதுகலை நம் நாட்டில் அரிது. பக்கத்து வாசல்கள் வழியாகத்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. எந்த வாசல் என்பது உங்கள் விருப்பம் எதில் என்பதைப் பொறுத்தது.

அருங்காட்சியகம் என்றால் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகவியல் துறை 1952 முதல் இருக்கிறது. நாட்டில் இந்தப் பாடத்துக்கு மூத்த துறை அது. 1989-இல் டெல்லியில் தொடங்கிய தேசிய அருங்காட்சியக நிறுவனம் இப்போது நொய்டாவில் இந்தியப் பாரம்பரிய நிறுவனம் என்ற பெயரில் நடக்கிறது. கலை வரலாறு, பாதுகாப்பு, அருங்காட்சியகவியல் மூன்றிலும் முதுகலை உண்டு. அகமதாபாத் பல்கலைக்கழகத்தில் பாரம்பரிய மேலாண்மைக்கென்றே முதுகலை இருக்கிறது. தனியார் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணத்தை முதலில் விசாரியுங்கள். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது. நம் மாவட்டத்திலேயே வெம்பக்கோட்டையில் அகழாய்வு நடந்தது. தென்மாவட்டங்களில் இந்தப் படிப்புக்கு இனி வேலை கூடும் என்று நம்புகிறேன். “இதைப் படிச்சா கவர்மெண்டு வேலை கெடைக்குமாப்பா?” என்று வீட்டில் கேட்டால், அருங்காட்சியகத் துறையின் காப்பாட்சியர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாக ஆள் எடுக்கிறார்கள், அறிவிப்பு அடிக்கடி வராது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

நாட்டார் கலைதான் உயிர் என்பவர்கள், நேராக மேலாண்மைக்குப் போவதற்கு முன் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையைப் பார்க்க வேண்டும். களத்துக்குப் போய் ஆளைப் பார்த்துக் கேட்டு எழுதும் பழக்கம் அங்கே கிடைக்கும். நாடகம் என்றால் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் தொடங்கிய புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை, அழகியல் பள்ளியும் அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் நிகழ்த்துதல் ஆய்வு முதுகலையும் கோட்பாட்டில் வலுவானவை. நிர்வாகத்தை நீங்களாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கேள்வித்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். தமிழ்வழியில் படித்தவர்கள் ஒரு வருஷம் முன்பே தயாராவது நல்லது. உட்கார்ந்து படிக்க மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் பஸ் தூரத்தில்தான் இருக்கிறது.

முழுப் பட்டம் வேண்டாம், வேலை பார்த்துக்கொண்டே கற்கிறேன் என்பவர்களுக்கு இரண்டு பெயர்கள். ஆர்ட்திங்க் சவுத் ஏசியா என்ற கலை மேலாண்மை நல்கைத் திட்டமும், நாடகக்குழுக்களுக்காக இந்தியக் கலை அறக்கட்டளை உள்ளிட்ட அமைப்புகள் சேர்ந்து 2015-இல் தொடங்கிய ஸ்மார்ட் என்ற பயிற்சியும் இந்தியச் சூழலை வைத்தே பாடம் நடத்தியவை. இவை வருஷம் தவறாமல் நடக்கும் என்று எண்ணி இருந்துவிடாமல், அந்த ஆண்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டில் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ், நியூயார்க் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரி, பிட்ஸ்பர்க் கார்னகி மெலன், சிங்கப்பூர் லாசால் ஆகியவை அறியப்பட்ட இடங்கள். சிங்கப்பூருக்கு நமக்கென்று ஒரு தனிக் காரணம் உண்டு. அங்கே எஸ்பிளனேட் அரங்கு 2002 முதல் ‘கலா உத்சவம்’ என்ற இந்தியக் கலை விழாவை நடத்துகிறது. தமிழ் தெரிந்த நிர்வாகிக்கு அங்கே மதிப்பு இருக்கிறது. இன்னொரு செய்தியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: யேல் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்கு 2021-இல் டேவிட் கெஃபன் என்ற கொடையாளர் 15 கோடி டாலர் கொடுத்த பிறகு, அங்கே படிக்கும் எல்லோருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. மூன்றாண்டு நாடக மேலாண்மைப் படிப்புக்கும் இது பொருந்தும். தங்கல், சாப்பாடு தனிச் செலவு, போட்டி கடுமை. ஆனாலும் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம்.

சேர்வதற்கு முன் ஒரு வருஷம்

பட்டம் வாங்கிய சூட்டோடு முதுகலைக்குப் போகாதீர்கள். ஒரு வருஷமாவது ஒரு கலை அமைப்பில் இருங்கள். முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ரா, கொச்சியில் 2012-இல் தொடங்கிய பினாலே, 2007-இல் பிறந்து இடையில் நின்று 2023-இல் மறுபடி வந்த சென்னை சங்கமம் என்று இடங்கள் இருக்கின்றன. தஞ்சாவூரில் 1986 முதல் இருக்கிற தென்னகப் பண்பாட்டு மையத்தில், அரசுப் பணம் கலைஞரிடம் எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது என்று பார்க்கலாம்.

இப்படிப்பட்ட அமைப்புகளில் நான் அதிகம் மதிப்பது காஞ்சிபுரத்துக் கட்டைக்கூத்துச் சங்கம். 1990-இல் கூத்துக் கலைஞர்களே சேர்ந்து தொடங்கியது. 2002-இல் குருகுலம் திறந்து, பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். ஆண்கள் மட்டும் ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். 2020-இல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது. நல்ல குழு, உலகம் அறிந்த பெயர், ஊரில் மரியாதை இத்தனையும் இருந்தும் ஒரு கலைப்பள்ளியை நடத்துவது ஏன் இவ்வளவு கடினம் என்ற கேள்வியோடு அதன் வரலாற்றைப் படியுங்கள். வெற்றிக் கதைகளை விட இது அதிகம் கற்றுத்தரும்.

அந்த ஒரு வருஷத்தில் சில நடைமுறைகளையும் கையால் செய்து பாருங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம்; உள்ளூர்க் கலைக்குழு ஒன்றுக்குப் பதிவு செய்து கொடுத்துப் பாருங்கள். நாட்டார் கலை, செவ்வியல் கலை நிகழ்த்தும் கலைஞரின் ஒரு நிகழ்ச்சிச் சம்பளம் ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. கிடையாது; இது தெரியாமல் பில்லுக்குப் பயந்து வாய்ப்பை விடுகிற குழுக்கள் உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013 பெரிய நிறுவனங்களைச் சமூகப் பொறுப்புக்கென லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. அதைச் செலவிடக்கூடிய இனங்களில் மரபுக்கலையும் ஒன்று. நம் மாவட்டத்திலேயே அந்தச் சட்டத்துக்குள் வருகிற நிறுவனங்கள் இருக்கின்றன. பள்ளிக் கட்டடத்துக்கும் மருத்துவ முகாமுக்கும் கேட்டுப் போகிற மாதிரி, முறையான திட்ட அறிக்கையோடு கலைக்கும் போய்க் கேட்கலாம்.

விண்ணப்பக் கட்டுரை

பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுவது இங்கேதான். “சிறு வயதிலிருந்தே எனக்குக் கலைகளின் மீது தீராத ஆர்வம், நமது பண்பாட்டை உலகறியச் செய்வதே என் லட்சியம்” என்று தொடங்குகிற கட்டுரையைத் தேர்வாளர் அடுத்த வரிக்குள் மறந்துவிடுவார். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: “எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கலின் மூன்று வருஷக் கணக்கைப் படித்தேன். ஒலி, ஒளிச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. ஆர்மோனியக்காரரின் சம்பளம் மூன்று வருஷமும் ஒரே தொகை. பொருளாளரிடம் காரணம் கேட்டபோது, அவர் கூட்டிக் கேட்கவில்லை என்றார். ஆர்மோனியக்காரரிடம் கேட்டபோது, கூட்டிக் கேட்டால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள் என்றார்.” இதற்குப் பிறகு நீங்கள் என்ன கற்க விரும்புகிறீர்கள் என்பதைத் தனியாக விளக்க வேண்டிய அவசியமே குறைந்துவிடும். இதில் வருகிற கணக்கு உங்களுடையதாகவும் உண்மையாகவும் இருக்க வேண்டும். இந்த மாதிரியை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள்.

முதலில் தமிழில் எழுதுங்கள். யோசனை தெளிவான பிறகு ஆங்கிலத்தில் எழுதி, தெரிந்த ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்துங்கள். பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று கல்லூரிப் பேராசிரியருடையதாகவும் இன்னொன்று உங்களை வேலையில் பார்த்தவருடையதாகவும் இருக்கட்டும். விழாக்குழுத் தலைவர் தமிழில் கொடுக்கிற கடிதத்தை மொழிபெயர்த்து மூலத்தோடு இணைக்கலாம்.

பணம்

சொந்த ஊர் ஆய்வுக்கு உதவி கேட்கலாம். பெங்களூரில் 1993-இல் தொடங்கிய இந்தியக் கலை அறக்கட்டளை ஆய்வுக்கும் படைப்புக்கும் நல்கை தருகிறது. திட்டத்தைத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளநிலை ஆய்வு நல்கை 25 முதல் 40 வயதுக்காரர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் கொடுக்கிறது. பிரிட்டன் போக நினைப்பவர்களுக்குச் செவ்னிங் உதவித்தொகை உண்டு. அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் காட்ட வேண்டும். பட்டம் முடித்த பிறகான அனுபவத்தையே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்து இரண்டு வருஷம் இந்தியாவில் இருந்தாக வேண்டும்.

பட்டியல் சாதி மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில், 2022-இல் வந்த விதிமுறை இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு சார்ந்த படிப்புகளை விலக்கிவிட்டது. இது நியாயமில்லை என்பது என் கருத்து. பறையையும் கூத்தையும் காப்பாற்றிய வீட்டுப் பிள்ளைகளுக்கே அந்தப் படிப்பின் கதவை அடைப்பது எப்படிச் சரியாகும்? விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிமுறையை வரிவரியாகப் படியுங்கள். தமிழக அரசு அம்பேத்கர் பெயரில் தனியாக வெளிநாட்டு உயர்கல்வி உதவித் திட்டம் வைத்திருக்கிறது. விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்து ஆதிதிராவிடர் நலப் பிரிவில் கேளுங்கள்.

கல்விக் கடன் நான்கு லட்சம் ரூபாய் வரை ஈடு இல்லாமல் கிடைக்க வேண்டும். மேலாளர் வேறு மாதிரி சொன்னால் எழுத்தில் கேளுங்கள். அதற்கு மேல் போய், இருக்கிற நாலு ஏக்கர் மானாவாரியை அடமானம் வைத்து வெளிநாட்டுக் கலை நிர்வாகப் பட்டம் வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். இந்தத் துறையில் தொடக்கச் சம்பளம் அந்தத் தவணையைத் தாங்காது. முழு உதவித்தொகை கிடைத்தால் போங்கள். கிடைக்காத வருஷம் பரோடாவிலோ பாளையங்கோட்டையிலோ சேருங்கள்.

மாதக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். பங்குனியிலிருந்து ஆடி வரை திருவிழாக்களில் இருந்து தகவல் திரட்டுங்கள். செவ்னிங் விண்ணப்பம் பொதுவாக ஆகஸ்டில் திறந்து அக்டோபர், நவம்பர் வாக்கில் மூடிவிடும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் டிசம்பர், ஜனவரியில் கேட்கும். மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு மார்ச் ஒட்டி வரும். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் காரியாபட்டி தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பித்து ஜூலைக்குள் கையில் வைத்திருங்கள். பாஸ்போர்ட்டுக்கும் அதே வாரத்தில் பதிந்துவிடுங்கள்.